வராண்டாவிலிருந்து எடுத்த குறிப்புகள்

நான் வேலை பார்த்த ஆபீசின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அந்தக் கட்டடத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பவர்கள் தாங்கள் மட்டும் ரொம்ப யோக்கியம் என்று கிளம்பி வருவார்கள். பெங்களூரில், அறுபதுகளின் தொடக்கத்தில், ஜனங்களின் சுகாதாரத்தைக் கவனிப்பதற்கென்று இருந்த ஓர் ஆபீஸ் என்பது போதும். அதில் நான் டைப்பிஸ்ட். சுருக்கெழுத்தும் தெரியும். வயது இருபது. கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசித் தகவலைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்துப் பெண் பிள்ளைகளின் உடல்நலம் இரண்டு வருஷம் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். கன்னடக்கார அம்மாள், ஐம்பதை ஒட்டிய வயது, எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் எங்கள் ஆபீசுக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினார். பள்ளிக்கூடத்துப் பெண்கள் வயதுக்கு வரும்போது தங்களுக்கு என்ன ஆகிறது என்றே தெரியாமல் பயந்து நடுங்குகிறார்கள். கிடைத்த அழுக்குத் துணியை வைத்துக்கொண்டு, புண்ணும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பலர் அதோடு படிப்பையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஆறாவது, ஏழாவது படிக்கும் பெண்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்த அனுமதி வேண்டும், நானே வந்து நடத்துகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்கு ஒரு கதவும் தண்ணீரும் வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

எங்கள் ஆபீசில் ஒரு காரியத்தை முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குழு போடுவார்கள். இதற்கும் போட்டார்கள். எட்டுப் பேர், எட்டும் ஆண்கள். கக்கூசைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யக்கூடிய விஷயம் என்றாலும், அனுபவசாலிகள் வேண்டும் என்று பேரன் பேத்தி எடுத்தவர்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். டாக்டரம்மாவைச் சேர்க்கவில்லை. கேட்டவரே குழுவில் இருந்தால் பாரபட்சமாகிவிடுமாம். தலைவராக எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் வந்தார். வெள்ளை ஜிப்பா, ஜரிகைத் துண்டு, எதிரே வருகிறவருக்கெல்லாம் முந்திக்கொண்டு ஒரு கும்பிடு. வட்டாரத்தில் தமிழர் ஓட்டு கணிசம் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

முதல் கூட்டத்துக்கு நான் நோட்டும் கூர் சீவிய இரண்டு பென்சிலுமாகப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி வந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். முதல் வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அறைக்குள் பாம்பு புகுந்த மாதிரி ஒரு அசைவு.

"ஏம்மா," என்றார் தலைவர், ரொம்பப் பிரியமாக. "நீ கல்யாணம் ஆகாத பொண்ணு. கொஞ்சம் ஆச்செ இரு."

ஆச்செ என்றால் கன்னடத்தில் வெளியே. நான் வெளியே போனேன். வராண்டாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து, எதிரே இருந்த மரத்தில் காக்கை கூடு கட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்தேன். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. பிறகு கதவு திறந்தது, வெற்றிலையை மென்றுகொண்டே எல்லோரும் போனார்கள். தலைவர் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி, குறிப்புகளைச் சீக்கிரம் டைப் அடித்துக் கொடுக்கச் சொன்னார்.

எந்தக் குறிப்புகளை? நான் டைப் அடித்தேன்: உறுப்பினர்கள் எட்டுப் பேர் வந்திருந்தனர். காபி அருந்தினர். டாக்டரின் கடிதம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் கையெழுத்துப் போட்டார். ரொம்பச் சுத்தமாக அடித்திருக்கிறாய் என்று பாராட்டினார்.

இப்படியே மாதா மாதம் நடந்தது. குறிப்பு எடுக்கிறவளை வெளியே அனுப்பிவிட்டால் குறிப்பில் ஒன்றும் இருக்காது என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓர் ஆண் குமாஸ்தாவை உட்கார வைத்திருக்கலாம். அதையும் ஒரு முறை யோசித்தார்களாம். ஆனால் பெண்கள் சமாச்சாரத்தை ஆண் பிள்ளை எழுதக் கூடாது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்துவிட்டார்கள். ஆக, எழுத வேண்டியவள் கேட்கக் கூடாது, கேட்கலாம் என்றிருந்தவன் எழுதக் கூடாது. சர்க்கார் காகிதத்தின்படி அந்தக் குழு இரண்டு வருஷம் மாதம் தவறாமல் கூடி, காபி குடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கலைந்தது. மௌன விரதம் இருக்கும் சாமியார்கள்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது காபி கொண்டுபோகிற பியூன் மூலம் எனக்கு வந்து சேரும். பெரியவர்களின் தர்க்கம் இதுதான்: வயதுக்கு வராத பெண்ணுக்குச் சொன்னால் அவள் கெட்டுப்போவாள். வயதுக்கு வந்த பெண்ணுக்குத்தான் தெரிந்துவிட்டதே, அவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ஆகவே பாடம் நடத்த யாருமே மீதியில்லை. கேட்டபோது நான் பியூனோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அந்த எட்டுப் பேரையும் ஏளனம் செய்வதில் அப்படி ஒரு சுகம்.

இப்போது என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோகுபாளையத்தில் இரண்டு அறை வீடு. நைனா தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா, நான், தங்கை. நான் படித்து முடித்ததற்கு என் புத்தி காரணமில்லை, என் உடம்புதான். எங்கள் தெருவில் பெண் வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது என்று அர்த்தம். நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் வயதுக்கு வந்தேன். அந்தத் தாமதத்தால் அம்மா வேண்டாத கோயில் இல்லை, என்னை அது டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் வரை கொண்டுவிட்டது.

தங்கைக்கு என் அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி. வாத்தியாரம்மா போர்டில் போடுகிற கணக்கில் தப்புக் கண்டுபிடித்து, அதற்காக முட்டி போட்டவள். அவளுக்கு மேலே படித்துக் கணக்கு டீச்சர் ஆக வேண்டும். அம்மாவுக்கும் அவள் படிப்பதில் ஆட்சேபணை கிடையாது, ஒரே ஒரு நிபந்தனைதான். அவள் பள்ளிக்கூடக் கக்கூசில் மூன்று சுவர் இருந்தது, நாலாவது பக்கம் மைதானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஒருத்தி போனால் இன்னொருத்தி பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"வயசுக்கு வந்த பொண்ண கதவு இல்லாத எடத்துக்கு அனுப்பமாட்டேன்," என்றாள் அம்மா. "உங்க ஆபீஸ்லதான் மீட்டிங் போட்டுக்கினே கீறாங்களே, ஒரு கதவு போடச் சொல்லு. நான் அனுப்பறேன்."

நியாயமான பேச்சு. எட்டுப் பேர் இரண்டு வருஷமாகக் கண்டுபிடிக்காததை அம்மா அரிசி களைந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வருஷத்தின் முடிவில் குழு கடைசியாக ஒரு காரியம் செய்தது. சுற்றறிக்கை. பெண்களுக்குச் சொல்லக் கூடாது, தாய்மார்களுக்குப் படிக்கத் தெரியாது என்று தாங்களாகவே முடிவுகட்டி, தகப்பன்மார்களுக்கு எழுதினார்கள். அதைப் பிரதி எடுக்க நான்தான் ஸ்டென்சில் வெட்டினேன், ஆகவே வாசகம் இன்றைக்கும் மறக்கவில்லை. 'வளரும் பருவத்துப் பெண் குழந்தைகளுக்கு ஏற்படக்கூடிய வயிறு சம்பந்தமான சங்கடங்களில் தந்தையார் உரிய காலத்தில் உரிய கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.' இந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு கூட்டம் ஆனது. 'வயிறு' என்ற சொல் அதிகப்படி என்று ஒருவர் கடைசி வரை சண்டை போட்டாராம்.

அது ஆறாவது, ஏழாவது படிக்கும் பெண்கள் கையில் வீடு வீடாகப் போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மகள் வயிற்றில் பூச்சி இருக்கிறது, சர்க்காரே எழுதிச் சொல்லிவிட்டது என்று புரிந்துகொண்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பிடித்து மூக்கை அழுத்தி ஒரு பெரிய டம்ளர் விளக்கெண்ணெய் கொடுத்தார். அன்று முழுக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து நான் சிரித்தேன். குழுவின் முதல் சாதனை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரம் கழித்து வந்தாள். பாவாடை நனைந்திருந்தது. அல்சூர் ஏரிப் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்கும்போது என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"அக்கா, நான் சாவப்போறேன். வெளக்கெண்ண என் கொடல அறுத்துடுச்சி. மூணு நாளா ரத்தமா போவுது. நைனாகிட்ட சொல்லாதே. தான் குடுத்ததாலதான்னு தெரிஞ்சா நைனா அழுவும்."

குடம் நிரம்பி வழிந்தது. வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். மூன்று நாளாக அந்தக் குழந்தை செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, கணக்கு நோட்டைத் தன் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டு, நைனா அழக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இது சாவு இல்லை, நோயும் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் வருவது, எனக்கும் வருவது என்று குழாயடியில் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற அதே பார்வை.

"உங்க ஆபீஸ்ல இதுக்குத்தானே மீட்டிங்கு?"

"ஆமா."

"உனுக்கு எல்லாம் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்போ ஏன்கா எங்கிட்ட சொல்லலே?"

இரண்டு வருஷம் அவளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன். அந்த எட்டுப் பேரையும் நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மீட்டிங் எதைப் பற்றி என்று அவள் கேட்கும்போதெல்லாம், பெரியவங்க சமாச்சாரம் என்று சொல்லி அவளை ஆச்செ அனுப்பியது நான்தான். குழுவில் எட்டுப் பேர் என்று எத்தனையோ தடவை டைப் அடித்திருந்தேன். ஒன்பதாவது ஆள் வராண்டாவில் உட்கார்ந்து காக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லத் துணியாத விஷயத்தை, விஷயம் வெளியே வந்ததும் ஊருக்கே சொல்லக் கிளம்பினோம். மாமா வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினார். மஞ்சள் தாளில் பத்திரிகை அச்சடித்தோம். மின்சாரக் கம்பத்தில் புனல் வைத்து மைக் செட் கட்டினோம், சினிமாப் பாட்டு ஏரிக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. அவளுக்குப் பட்டுப் பாவாடையைக் கட்டி, மணைமேல் உட்கார வைத்தோம், தெருவே வந்து பார்த்தது. பெண்ணின் காதில் ரகசியமாகக்கூடச் சொல்லக் கூடாத செய்தியைப் புனலில் போட்டு அலறலாம். நம் வழக்கமே அப்படி. குழுவை நான் மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நைனா எங்கள் கவுன்சிலரையும் அழைத்திருந்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்தார். வெள்ளிக் குங்குமச் சிமிழோடு, முன் வரிசையில் உட்கார்ந்து, புட்டும் சாப்பிட்டார். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக்கைக் கண்டால் அவர் விடமாட்டார். எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினார். நான் தங்கைக்குப் பக்கத்தில் விசிறியோடு நின்றிருந்தேன். கல்யாணம் ஆகாத பெண், அவருக்கு நாலடி தூரத்தில். ஆச்செ போ என்று அவர் சொல்லவில்லை.

"பொண்ணு பெரியவளாறது வெக்கப்படற விஷயம் இல்லே, வீட்டுக்கே பெருமை. இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? பொண்ணுங்களுக்கு எல்லா சௌகரியமும் செஞ்சு குடுக்கணும், நல்லா படிக்க வெக்கணும். அது நம்ம கடமை."

இந்த விஷயத்தில் தலைவர் என் காதுபட வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. குறிப்பு எடுக்காமல் விட முடியுமா? விசிறியை வைத்துவிட்டு, பத்திரிகையின் பின்பக்கத்தில் சுருக்கெழுத்தில் எடுத்தேன். ஆபீசில் யார் எந்தப் பாஷையில் பேசினாலும் கேட்கக் கேட்க இங்கிலீஷாக்கி எழுதுவது என் தினசரி வேலை. ஒரு சொல்லும் தப்பவில்லை.

அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்கு வைக்க வேண்டிய குறிப்புகளில், காபிக்குப் பிறகு, தலைவர் உரை என்று அதை அப்படியே சேர்த்தேன். உரையைத் தொடர்ந்து இரண்டு தீர்மானம்: பெண்கள் பள்ளிக்கூடக் கக்கூசுகளுக்குத் தாழ்ப்பாளோடு கதவும், தண்ணீரும். டாக்டர் ஒரு மணி நேரப் பாடம் நடத்த அனுமதி. தீர்மானம் என் கைச்சரக்கு, மறுக்கவில்லை. அவர் சொன்ன கடமைக்கு ஒரு கதவாவது வேண்டாமா? வேலை போனால் போகட்டும் என்றுதான் அடித்தேன். கூட்டத்தில் தலைவர் காகிதத்தை எடுத்தார், பெண் பெரியவளாவது பற்றிய வரி கண்ணில் பட்டிருக்க வேண்டும், சட்டென்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லாரும் படித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். கையெழுத்து விழுந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மேலே இருந்து உத்தரவு வந்தபோதுதான் அவர் என்னைக் கூப்பிட்டார். காகிதத்தை நீட்டி, இதை நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார்.

"எங்க வீட்டு விசேஷத்துல சொன்னீங்க சார். மைக்குல."

அவர் கண்ணாடியை இறக்கி, தன் உரையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார். தீர்மானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவுகள் வந்தபோது பள்ளிக்கூட வாசலில் அவர் பெயரில் ஒரு கல்லும் வைத்தார்கள். கல் கதவை விடப் பெரியது.

கதவு வர எட்டு மாதம் ஆனது. தங்கை அந்த எட்டு மாதமும் வீட்டில் இருந்தாள், ஏழாவது பரீட்சை எழுதவில்லை. அம்மா ஒரு நாள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, கதவைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, வெளியே இருந்து என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஜூன் மாதம் அனுப்பினாள். தங்கை தன்னைவிடச் சின்னப் பெண்களோடு திரும்பவும் ஏழாவதில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா பாடம் நடத்த வந்தது ஜூலையில். அது தமிழ்ப் பள்ளிக்கூடம், அவருக்குத் தமிழ் அரைகுறை. அவர் கன்னடத்தில் சொல்ல, தமிழில் சொல்லுவதற்கு என்னைக் கூட்டிப்போனார். ஆறாவதும் ஏழாவதும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. கடைசி பெஞ்சில் என் தங்கை. டாக்டரம்மா முதல் வாக்கியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு வாய் வரவில்லை. அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் கண் தானாக வராண்டாப் பக்கம் போனது. அந்த எட்டுப் பேரின் மேல் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் பரிதாபம் வந்தது. டாக்டரம்மா இன்னொரு தரம் சொன்னார். நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

கடைசி பெஞ்சில் தங்கை எழுந்து நின்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"நம்ம எல்லாருக்கும் மாசா மாசம் ரத்தம் வரும்," என்றாள், வாய்ப்பாடு சொல்லும் குரலில். "அது நோவு இல்ல. வெளக்கெண்ண குடிச்சதால யாருக்கும் கொடலு அறுந்து போவாது. யாரும் சாவ மாட்டீங்க. மொதல்ல அத்த தெரிஞ்சிக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்த ஒரு பெண், ஏழாவது படிப்பவள், திரும்பி என் தங்கையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெஜமாவா?" என்று கேட்டாள். "எங்க நைனாவும் வெளக்கெண்ண குடுத்தாரு."